உண்டையும் கணையும்: வாயுத் துப்பாக்கியின் எறிபொருள் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

தொழில்நுட்ப வினாக்கள் தொழில்நுட்பவியலாளர்க்கு மாத்திரமே உரியன என்னுங் கருத்து எமது ஆய்வுலகில் இன்றும் வலுவுடன் நிலவுகின்றது. கருவிகளின் வரலாறு ஒருபுறமாகவும் அவற்றைக் கையாண்ட மனிதரின் வரலாறு மறுபுறமாகவும் எழுதப்படுவதை நாம் காண்கிறோம். இப்பிரிவினை எத்துணை செயற்கையானது என்பதனை மிகச் சிறியதொரு பொருளைக் கொண்டு விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள், அரைக் கிராமுக்கும் இரண்டு கிராமுக்கும் இடைப்பட்ட எடையுள்ள ஈயத்துண்டு. வாயுத் துப்பாக்கியிலிருந்து வெளிப்படும் எறிபொருள்.

இவ்வெறிபொருள் இன்று இரு வடிவங்களிற் கிடைக்கின்றது. ஒன்று, இடை ஒடுங்கி, பின்புறம் பாவாடைபோல விரிந்து, உட்குழிந்து காணப்படும் சிறுகுண்டு. பெலெற் என வழங்குவது இதுவே. மற்றையது, இடை ஒடுங்காது உருளையாக நீண்டு முனை கூர்ந்த திண்ணிய சன்னம். இதனை ஸ்லக் என்பர். இவ்விரண்டில் எது துல்லியமானது என்ற வினா, வாயுத் துப்பாக்கியைக் கையாள்வோரிடையே ஓயாத விவாதமாக நிகழ்ந்து வருகின்றது. விவாதிப்போர் பெரும்பாலும் துல்லியத்தை ஈயத்துண்டினுள்ளே குடிகொண்டதொரு குணமாகவே கருதுகின்றனர். தூரம், காற்று, குழல், சட்டம், விலை, சுடுவோன், சுடப்படுவது ஆகியவற்றுக்கிடையே நிலவும் உறவே துல்லியம் என்பது எமது கருத்து.

இதனை ஆராய்வதற்குப் புத்தளம் மாவட்டத்தின் கடற்கரையை நாம் களமாகக் கொள்கிறோம். கற்பிட்டிக் குடாநாட்டின் மணற்பாங்கான தோட்டங்களும், புத்தளம் ஏரியும், முந்தல், உடப்பு, சிலாபம் வரை தெற்கே தொடரும் தென்னந்தோப்புகளுங் கொண்ட இக்கரையிலே, வனத்துக்கும் வயலுக்குமிடையே ஓயாத இழுபறி நிகழ்கின்றது. குரங்கு, மயில், மரவணில் முதலியன விளைவிக்கும் பயிரழிவு இலங்கை முழுவதற்கும் பொதுவானதொரு பிரச்சினையாகும். 2025 மார்ச் 15 ஆந் திகதி காலை ஐந்து நிமிட நேரம் நாடளாவிய ரீதியில் இவ்வுயிரினங்களை எண்ணும் பணி அரசினால் மேற்கொள்ளப்பட்டமை பிரச்சினையின் பரிமாணத்தைக் காட்டும். இதற்குத் தீர்வாக விவசாயியின் கையில் வாயுத் துப்பாக்கியைக் கொடுக்கலாம் என்ற யோசனையும் மீண்டும் மீண்டும் எழுந்துள்ளது. ஆகவே, சிறுகுண்டா சன்னமா என்ற வினா இக்கரையில் வெறும் பொழுதுபோக்கு வினாவன்று.

2

முதலிற் சொற்களின் சாட்சியத்தை நோக்குவோம். எறிபடையின் வரலாற்றில் உருண்டையும் நீண்டதும் என்ற இருமை துப்பாக்கிக்கு முற்பட்டது. தமிழில் உண்டை, கணை என்னும் இரு சொற்கள் இவ்விருமையைத் தெளிவாகக் காட்டுகின்றன. குறிஞ்சித் திணைப் பாடல்களிலே தினைப்புனங் காப்போர் கவணும் கல்லும் கொண்டு பறவையையும் விலங்கையும் ஓட்டுவர். தட்டை, குளிர், தழல் முதலிய ஓசைக் கருவிகளும் உடன் கூறப்படும். போர்க்களத்திற்கோ வேட்டைக்கோ உரியது கணை. இவ்வேறுபாடு தற்செயலானதன்று. புனங்காவலின் நோக்கம் விரட்டுதல். அதற்கு அண்மைத் தூரமும், செலவின்றிக் கிடைக்கும் கல்லும் போதும். கணையோ கொல்லனையும் மரவினைஞனையும் வேண்டி நிற்பது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக உண்டைவில் தோன்றியது. நாணின் நடுவே களிமண்ணுருண்டையை வைத்துச் செலுத்தும் இவ்வில், சிறு பறவைகளை வீழ்த்தவும் விளையாட்டுக்கும் பயன்பட்டது. இளமையில் இராமன் உண்டைவில்லால் கூனியின் முதுகில் அடித்த செய்தியைக் கம்பன் அயோத்தியா காண்டத்திற் கொண்டு வருகிறான். அரசிளங்குமரனின் கையில் அது விளையாட்டுக் கருவி. அடிபட்டவளுக்கோ அது விளையாட்டன்று. ஒரே எறிபொருள் இரு வர்க்கத்தாருக்கு இரு பொருள் தருவதை அக்காட்சியிலே நாம் காணலாம்.

அரபு மொழியில் ‘புந்துக்’ என்பது முதலில் ஒரு வகைக் கொட்டையைக் குறித்தது. பின்னர் உண்டைவில்லிற் செலுத்தும் மண்ணுருண்டையை அது குறித்தது. அதன் பின்னரே துப்பாக்கியின் பெயர் அதிலிருந்து பிறந்தது. வட இந்திய மொழிகளில் வழங்கும் ‘பந்தூக்’ இதன் வழிவந்ததே. கொட்டை, உண்டை, துப்பாக்கி என்னும் இப்பொருள் வளர்ச்சி, வெடிமருந்து வந்த பின்னரும் எறிபொருள் உருண்டையாகவே நெடுங்காலம் நீடித்தமைக்கு மொழியிலெஞ்சிய சான்றாகும். தமிழில் வழங்கும் துப்பாக்கி, ஈழத்துப் பேச்சு வழக்கிலுள்ள துவக்கு ஆகிய சொற்கள் துருக்கிய மொழிச் சொல்லோடு தொடர்புடையன. ஆனால் வாய்வழியே மருந்தையும் ஈயத்தையும் இட்டு இடித்து நிரப்பும் நாட்டுத் துப்பாக்கிக்கு எமது கிராமத்தவர் ‘இடியன்’ என்று தாமே பெயரிட்டனர். பெயர் உழைப்பின் அசைவிலிருந்து பிறந்தமை இங்கு மனங்கொள்ளத்தக்கது.

3

இவ்விருமை வெடிமருந்து யுகத்தில் எவ்வாறு தொடர்ந்தது என்பதை அடுத்து நோக்குவோம். ஒல்லாந்தர் 1659 இற் கற்பிட்டியைக் கைப்பற்றி, 1667 தொடக்கம் 1676 வரையிலான காலத்தில் அங்கு கோட்டையை எழுப்பினர். புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியம் நடத்திய கடல் வாணிபத்தைக் கட்டுப்படுத்துவதே அக்கோட்டையின் தலையாய பயன். 1766 ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலம் இலங்கையின் கரையோரம் முழுவதும் கம்பனியின் வசமாயிற்று. இக்காலத்துக் காலாட்படையின் துப்பாக்கிகள் பெரும்பாலும் உட்சுவர் வழவழப்பான குழல்களைக் கொண்டன, குண்டு உருண்டையானது. தனியொருவன் குறிபார்த்து எய்துவதிலன்றி, அணிவகுத்து ஒருசேரச் சுடுவதிலேயே அவற்றின் ஆற்றல் தங்கியிருந்தது. கூலிப்படையும் கடும் ஒழுங்குங் கொண்ட வாணிபக் கம்பனிக்கு அது போதுமாயிருந்தது.

இதற்கு எதிர்நிலையில் சிங்களக் கம்மியர் செய்த துப்பாக்கிக் குழல்கள் ஐரோப்பியராலேயே வியந்து பாராட்டப்பட்டன. 1596 இல் வெளியான தமது நூலில் லின்ஸ்ஹோட்டன் அவற்றின் சிறப்பைக் கூறியுள்ளார். ஆயின், கைவினைத் திறன் எத்துணை உயர்ந்திருந்தாலும், ஒரே அளவில் ஆயிரக்கணக்காகக் குழல்களை வார்த்தெடுக்கும் உற்பத்தி முறை இல்லாதவிடத்து அது தனித்தனிக் கருவிகளின் அழகாகவே நின்றுவிடும். படைபலம் உற்பத்தி ஆற்றலிலே தங்கியுள்ளது என்று எங்கெல்ஸ் ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் நிறுவியது இங்கும் பொருந்துவதாகும்.

உருண்டைக் குண்டு ஏன் வழிதவறுகிறது என்பதை அறிவியல் முறையில் விளக்க முற்பட்டவர் பெஞ்சமின் றொபின்ஸ். 1742 இல் வெளிவந்த அவரது பீரங்கியியல் நூலும், 1747 இல் அவர் வாசித்த ஆய்வுரையும் இத்துறையின் திருப்புமுனைகள். குழலின் சுவரில் உரசி ஒழுங்கின்றிச் சுழலும் உருண்டை காற்றில் வளைந்து செல்லும். குழலினுள்ளே சுருள்வரிப் பள்ளங்களை, அதாவது புரிகளை வெட்டினால் குண்டு ஒழுங்காகச் சுழன்று நேராகச் செல்லும். முட்டை வடிவக் குண்டு உருண்டையிலும் மேலானதாகும் என்பன அவர் கண்ட முடிபுகள். இவ்வறிஞர் கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராகச் சென்னைக் கரைக்கு வந்து, 1751 இற் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் மாண்டார். எறியியலின் முன்னோடி தமிழகக் கரையில் வாணிபக் கம்பனியின் ஊழியராக உயிர்நீத்தமை ஒரு தனிமனிதனின் விதி மாத்திரமன்று. 1931 இல் இலண்டன் மாநாட்டில் போரிஸ் ஹெசன் நியூற்றனின் இயக்கவியலுக்கும் வணிக முதலாளித்துவத்தின் தேவைகளுக்குமிடையே காட்டிய தொடர்பு, இங்கே வாழ்க்கை வரலாறாகவே வெளிப்படுகின்றது.

றொபின்ஸின் கருத்து படைகளின் கையை அடைய ஏறத்தாழ நூறாண்டு சென்றது. புரி வெட்டிய குழலுக்குள் இறுக்கமான குண்டை வாய்வழியே அடித்து இறக்குவதற்கு நேரம் பிடித்தமையே காரணம். 1840களின் பிற்பகுதியில் பிரெஞ்சு அதிகாரியான மினியே இச்சிக்கலைத் தீர்த்தார். அவரது கூம்புக் குண்டின் அடிப்புறம் உட்குழிவானது. தளர்வாக உள்ளே இறங்கும் அக்குண்டு, வெடிப்பின் அழுத்தத்தால் அடி விரிந்து புரிகளைப் பற்றிக்கொள்ளும். 1853 இன் என்பீல்ட் துப்பாக்கி இத்தத்துவத்தைப் பின்பற்றியது. 1860–61 இல் எங்கெல்ஸ் ‘புரித் துப்பாக்கியின் வரலாறு’ என்ற தொடர் கட்டுரையை லங்காஷயர், செஷயர் தொண்டர்படைச் சஞ்சிகையில் எழுதி, இவ்வளர்ச்சியைப் படிப்படியாக ஆராய்ந்தார். இயக்கவியற் பொருள்முதல்வாதத்தின் மூலவர்களுள் ஒருவர் ஈயக்குண்டின் அடிக்குழிவைப் பற்றி எழுதுவதைத் தகுதிக்குறைவாகக் கருதவில்லை என்பதை எமது ஆய்வாளர் மறத்தலாகாது.

இலங்கையிலும் இவ்விவாதம் எதிரொலித்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவிற் குடியிருந்த சாமுவேல் பேக்கர் பெருவேட்டைக்காரர். 1840 இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் தமக்கென அமைத்த துப்பாக்கி, மூன்று அவுன்ஸ் எடையுள்ள வளையமிட்ட உருண்டைக் குண்டையும், நான்கு அவுன்ஸ் கூம்புக் குண்டையும் ஒரே குழலிற் செலுத்தியதாக அவர் எழுதியுள்ளார். யானையின் தலையை அண்மையிற் பிளக்க எது நன்று, தொலைவில் எய்ய எது நன்று என்பதே அவரது அக்கறை. ஆங்கிலேய வேட்டைக்காரருக்குத் துல்லியம் என்பது வீரத்தின் அளவுகோல். அதே காலத்தில், 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச் சட்டம் காட்டையும் தரிசையும் அரசுடைமையென அனுமானித்தது. சேனைப் பயிர் செய்த குடியானவன் தன் புனத்திலேயே அத்துமீறியவனாகும் நிலை உருவாயிற்று.

4

வாயுத் துப்பாக்கியின் வரலாறு இதற்குச் சமாந்தரமாகச் செல்கின்றது. திரோலைச் சேர்ந்த கிராடோனி அமைத்த வாயுத் துப்பாக்கியை ஒஸ்திரியப் படை 1780 அளவில் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ இருபது உருண்டைக் குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக, புகையின்றிச் செலுத்த வல்லதாயினும், அதன் வாயுக்கலத்தை நிரப்புவதற்குக் கையால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவைகள் அழுத்த வேண்டியிருந்தது. பராமரிப்பும் கடினம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்துடன் அது படையிலிருந்து மறைந்தது. காலத்துக்கு முந்திய கண்டுபிடிப்பு, அதனைத் தாங்கும் உற்பத்தி அடிப்படை இல்லாதபோது காட்சிப்பொருளாகிவிடுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

வாயுத் துப்பாக்கி மீண்டும் எழுந்தது தொழிற்சாலை யுகத்திலேயாகும். பர்மிங்காமில் லிங்கன் ஜெப்ரிஸ் 1904 இற் காப்புரிமை பெற்ற அமைப்பை, பி.எஸ்.ஏ. ஆயுதத் தொழிற்சாலை அடுத்த ஆண்டு முதல் பெருவாரியாக உற்பத்தி செய்தது. ஜேர்மனியின் டயானா நிறுவனமும் இத்துறையில் முன்னணியில் நின்றது. இக்காலத்திலேதான் இடையொடுங்கிய சிறுகுண்டு நிலைபெற்றது. மேலைநாட்டார் அதனை ‘டயபோலோ’ என்னும் விளையாட்டுக் கருவியின் பெயரால் அழைத்தனர். எமக்கு அது உடுக்கையின் வடிவம். ‘துடியிடை’ என்று எமது புலவர் பெண்ணின் இடைக்கு உவமை கூறிய அதே துடியின் வடிவம்.

இவ்வடிவத்தின் செயற்பாட்டைச் சுருக்கமாகக் கூறலாம். பின்புறப் பாவாடை மெல்லியது, உட்குழிவானது. சிறிய அழுத்தமே அதனை விரித்துக் குழலோடு ஒட்டச் செய்யும். மினியேயின் குண்டிற் கண்ட அதே தத்துவம் இங்கு சிற்றளவில் மீண்டும் வருகிறது. எடை முன்தலையிலும், காற்றுத்தடை பின்பாவாடையிலும் தங்குவதால், இறகு கட்டிய பூப்பந்து எவ்வாறு தலை முன்னாகவே பறக்கின்றதோ அவ்வாறே இதுவும் தன்னைத் தான் நேர்ப்படுத்திக்கொள்ளும். புரியினாற் பெறும் சுழற்சி துணைக்கு உதவும். ஆகவே மலிவான சுருள்வில் துப்பாக்கியிலும், சிறு ஆற்றலிலும், முழு நேர்த்தியற்ற குழலிலும் அது ஒழுங்காகச் செல்கின்றது. சிறுகுண்டு பிழை பொறுக்கும் எறிபொருள் எனலாம்.

சன்னத்தின் நிலை வேறு. அதற்குப் பாவாடையில்லை; காற்றுத்தடை அதனை நேர்ப்படுத்தாது. சுழற்சி ஒன்றே அதன் துணை. எறிபொருள் நீள நீள, புரியின் முறுக்கு நெருக்கமாக வேண்டும் என்பதை 1879 இல் கிரீன்ஹில் என்ற கணிதவியலாளர் வாய்ப்பாடாக்கினார். சன்னம் குழலின் உள்விட்டத்துடன் மிக நுண்மையாகப் பொருந்துதலும் அவசியம். திண்ணிய அதன் உடலை உந்துவதற்குச் சுருள்வில்லின் ஆற்றல் பெரும்பாலும் போதாது. உயர் அழுத்தத்தில் முன்னரே வாயு நிரப்பிய கலமுடைய துப்பாக்கியே அதற்கேற்றது. அக்கலங்கள் 200 முதல் 300 பார் வரையிலான அழுத்தத்தில் இயங்குவன. எனவே சன்னம் என்பது தனியொரு ஈயத்துண்டன்று. விலையுயர்ந்த துப்பாக்கி, அழுத்துபொறி, தேர்ந்த குழல் என்பவற்றைத் தன்னுடன் இழுத்து வருவது.

சிறுகுண்டு நூறாண்டுக்கு மேல் ஆட்சி செலுத்தியமைக்குச் சட்டமும் ஒரு காரணமாகும். பிரித்தானியாவில் 1969 ஆம் ஆண்டின் விதிகள், 12 அடி-இறாத்தல் (ஏறத்தாழ 16 யூல்) ஆற்றலை மீறிய வாயு றைபிளுக்குத் தனி உரிமத்தைக் கட்டாயமாக்கின. அவ்வெல்லைக்குள் இலகுவான சிறுகுண்டே சிறந்து விளங்கும். ஆற்றலுக்கு அத்தகைய எல்லை விதிக்காத ஐக்கிய அமெரிக்காவில், நெடுந்தூர வேட்டைச் சந்தை விரிந்தபோது சன்னம் செல்வாக்குப் பெற்றது. வடிவத்தின் வெற்றி தோல்வியை இயற்பியல் மாத்திரம் தீர்மானிக்கவில்லை. சட்டமும் சந்தையும் சேர்ந்தே தீர்மானித்தன.

5

இனி இரண்டையும் ஒப்பிடுவோம். காற்றை ஊடறுக்கும் ஆற்றலைக் குறிக்கும் எண்ணை எறியியற் குணகம் என்பர். 5.5 மில்லிமீற்றர் விட்டமுடைய நல்ல சிறுகுண்டு ஒன்றுக்கு இது 0.03 அளவினது. அதே விட்டமுடைய சன்னத்துக்கு அதன் இரண்டு, மூன்று மடங்காக அமைதல் கூடும். மூன்று மடங்கெனக் கொண்டு, இரண்டும் செக்கனுக்கு 270 மீற்றர் வேகத்திற் புறப்படுவதாகவும், செக்கனுக்கு 5 மீற்றர் வேகமுள்ள பக்கக் காற்று வீசுவதாகவும் வைத்துக் கணித்தால், 50 மீற்றர் தூரத்தில் சிறுகுண்டு ஏறத்தாழ 11 சென்ரிமீற்றர் விலகும்; சன்னம் ஏறத்தாழ மூன்றரை சென்ரிமீற்றரே விலகும். அதே நிலைமையில் 10 மீற்றர் தூரத்தில் சிறுகுண்டின் விலகல் 4 மில்லிமீற்றர் அளவினது; சன்னத்தினது ஒன்றரை மில்லிமீற்றர் அளவினது. இரண்டுக்குமிடையிலான வேறுபாடு 3 மில்லிமீற்றருக்கும் உட்பட்டது.

இக்கணக்கு வினாவின் தன்மையையே மாற்றிவிடுகின்றது. 1984 லொஸ் ஏஞ்சல்ஸ் முதல் ஒலிம்பிக்கில் இடம்பெறும் 10 மீற்றர் வாயு றைபிள் போட்டியிலே, இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீற்றர் விட்டமுடையது. 2008 இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்திரா இந்தியாவின் முதலாவது தனிநபர் தங்கத்தை வென்றதும் இப்போட்டியிலேயாகும். மூடிய அரங்கில், காற்றின்றி, தட்டைத் தலையுடைய 4.5 மில்லிமீற்றர் சிறுகுண்டே அங்கு அரசோச்சுகின்றது. அங்கே சன்னத்துக்கு எவ்வித மேன்மையுமில்லை.

கற்பிட்டியின் திறந்த வெளி அதன் எதிர்முனை. ஏறத்தாழ மே முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்றைச் சோளகம் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கச்சான் என்றும், வடகிழக்கிலிருந்து வருவதை வாடை என்றும் பெயரிட்டறிந்தவர் எமது கடலோடிகள். காற்றாலை மின்னுற்பத்திக்கென 2010 இல் மாம்புரியிற் கோபுரங்கள் எழுந்தமையே இக்கரையின் காற்று வளத்துக்குச் சான்று. செக்கனுக்கு 5 மீற்றர் என்பது இங்கு அசாதாரணமான காற்றன்று. இத்தகைய வெளியில் 50 மீற்றர் தொலைவிலுள்ள இலக்குக்குச் சன்னம் தெளிவாக மேலானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் அது பொருத்தமான முறுக்குடைய குழலிலிருந்து வெளிப்படல் வேண்டும். பொருந்தாத குழலிலிருந்து வரும் சன்னம் அண்மையிலேயே தள்ளாடும். மறுபுறம், ஒலியின் வேகத்தை நெருங்குமாறு விரைந்து செலுத்தப்படும் சிறுகுண்டு குலைந்து சிதறும். மிகை முறுக்குடைய குழலிலிருந்து வருவது தொலைவில் சுருள்வழியிற் செல்லும். ஆகவே எவ்வடிவமும் தன்னளவில் துல்லியமானதன்று.

இன்னுமொரு கூறு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. சன்னத்தின் மேன்மைக்குக் காரணமான குறைந்த காற்றுத்தடையே அதன் ஆபத்துக்கும் காரணம். இலக்கைத் தவறவிட்ட சன்னம் வேகங் குன்றாது நெடுந்தூரஞ் செல்லும். சிறுகுண்டோ தன் பாவாடையின் தடையினாலேயே விரைவிற் களைத்து விழும். புத்தளம் முதல் சிலாபம் வரையிலான கரையிலே தோட்டமும் வீடும் பள்ளிக்கூடமும் வாடியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. தென்னை வட்டிலிருக்கும் குரங்கை நோக்கி மேல்நோக்கிச் சுடப்படும் எறிபொருள் எங்கே விழும் என்பது அயலவரின் உயிர்ப்பிரச்சினை. எறியியலாளர் சிறுகுண்டின் குறையெனக் கணக்கிடுவது, நெருங்கி வாழும் மக்களுக்குப் பாதுகாப்பாக அமைகின்றது. முரணின் இரு பக்கங்களையும் ஒருசேரக் காண்பதே சரியான ஆய்வுமுறையாகும்.

6

யாருடைய கையிற் கருவி இருக்கலாம் என்பது காலனித்துவ காலந்தொட்டு அரசின் கவலையாக இருந்து வந்துள்ளது. 1915 ஆம் ஆண்டுக் கலவரத்துக்கும் அதனை அடுத்த இராணுவச் சட்ட ஆட்சிக்கும் மறு ஆண்டு, 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் வந்தது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்குத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வேட்டையை மட்டுப்படுத்தியது. மறு ஆண்டு வில்பத்து தேசியப் பூங்காவாயிற்று. திருத்தங்களுடன் இரு சட்டங்களும் நின்று நிலவுகின்றன. பாதுகாப்பு அவசியம் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் யானைகளை நூற்றுக்கணக்கிற் சுட்டு வீழ்த்திய காலனித்துவ வேட்டை மரபின் அழிவுக்கான விலையை, புனங்காத்த குடியானவனே பின்னர் செலுத்த நேர்ந்தமை வரலாற்றின் முரண்.

இம்முரணைப் படைப்பிலக்கியம் முன்னரே கண்டுகொண்டது. அம்பாந்தோட்டையில் அரசாங்க உதவி அதிபராயிருந்த லெனார்ட் வுல்ப் 1913 இல் வெளியிட்ட ‘காட்டிலோர் கிராமம்’ நாவலில், சேனைப் பயிரும் வேட்டையும் கொண்டு வாழும் சிலிந்து, கடனாலும் தலைமைக்காரனின் அடக்குமுறையாலும் நசுங்கி, இறுதியிற் தன் துவக்கை மனிதர்பாலே திருப்புகிறான். அவன் குறி தவறவில்லை. ஆயின் அவனை நசுக்கிய அமைப்பில் ஒரு கீறலும் விழவில்லை. எறிபொருளின் துல்லியத்துக்கும் வரலாற்றுத் துல்லியத்துக்குமுள்ள இடைவெளியை அந்நாவல் உணர்த்துகின்றது.

சட்டபூர்வமான கருவி எட்டாதவிடத்துச் சட்டவிரோதமான கருவி முளைக்கும். இலங்கையின் வறண்ட வலயக் கிராமங்களிற் கட்டுத்துவக்கு இன்றும் அறியப்பட்டதொரு கொலைக் கருவி. குறிபார்ப்பவன் ஒருவனுமின்றி, கால் தட்டிய உயிரைச் சுடும் அதற்கு விலங்கும் ஒன்றே, விறகு பொறுக்கச் சென்ற மனிதனும் ஒன்றே. அதனோடு ஒப்பிடுமிடத்து வாயுத் துப்பாக்கி மனிதத்தன்மையுடைய கருவியே. அண்மைத் தூரத்தில், குறிபார்த்து, சுடுவோன் தன் செயலுக்குப் பொறுப்பேற்க வேண்டிய கருவி அது. அவ்வளவில் அதனை நாம் நிராகரிக்கவில்லை.

ஆனால் யாருடைய கைக்கு அது எட்டும்? 1990 அக்ரோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெரும்பகுதியினர் இக்கரையிலேயே தஞ்சமடைந்தனர். நிலமற்ற பலர் கற்பிட்டித் தோட்டங்களிற் கூலிக்கு உழைத்தனர். இத்தகைய தோட்டத்திற் பயிரைக் காவல் காப்பவன் பயிருக்கு உடைமையாளனல்லன். உயர் அழுத்தக் கலமும் தேர்ந்த குழலும் சன்னமும் தோப்பின் உரிமையாளனுக்கே கட்டுப்படியாகும். அரை ஏக்கர் மிளகாயும் வெங்காயமும் செய்பவனுக்குச் சுருள்வில் துப்பாக்கியும் சிறுகுண்டும் ஒரு பருவத்தின் சேமிப்பு. அவன் ஒரு தோட்டத்திலிருந்து விரட்டிய குரங்குக் கூட்டம் அடுத்த தோட்டத்துக்கே செல்லும். தனியுடைமை வேலியின் எல்லைக்குள் நின்று சுடும் எத்தகைய துல்லியமும் அயலவனின் இழப்பாக மாறுவதை இங்கே காண்கிறோம்.

ஈயத்தின் நச்சும் கருதற்பாலது. இரு எறிபொருள்களும் பெரும்பாலும் ஈயத்தாலானவை. சன்னம் எடை கூடியதாகையால் ஒவ்வொரு வெடிக்கும் அதிக ஈயத்தை மண்ணில் விட்டுச் செல்லும். ஈயத் துகள்களைக் கற்களென விழுங்கும் நீர்ப்பறவைகள் நஞ்சூறி மடிவது நன்கு நிறுவப்பட்ட உண்மை. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023 பெப்ரவரி முதல் ஈரநிலங்களில் ஈயச் சிதறுகுண்டுகளைத் தடைசெய்தது. 2001 இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்ட ஆனைவிழுந்தாவ இதே மாவட்டத்தின் கரையிலுள்ளது. மணற்பாங்கான கற்பிட்டியில் குடிநீரும் பாசனமும் நிலத்தடி நீரையே நம்பியுள்ளன. ஆகவே எறிபொருளைத் தேர்வது அதன் உலோகத்தைத் தேர்வதுமாகும்.

7

மேலே கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் சில முடிபுகள் துலங்கும். மூடிய அரங்கிலும், ஏறத்தாழ முப்பது மீற்றருக்குட்பட்ட தோட்டத் தேவையிலும் சிறுகுண்டே தக்கது. அது மலிவானது; பிழை பொறுப்பது; விரைவில் வேகமிழப்பதால் அயலவருக்கு ஆபத்துக் குறைந்தது. காற்று வீசும் திறந்த வெளியில், நெடுந்தூரத்துக்கு, பொருத்தமான குழலும் போதிய ஆற்றலும் உள்ளவிடத்துச் சன்னம் மேலோங்கும். ஆனால் இக்கரையில் அத்தகைய தூரத்துச் சூட்டுக்குப் பின்னால் வெறுவெளி இருப்பது அரிது. ஆதலின் பயிர்காவலைப் பொறுத்தவரை சன்னத்தின் மேன்மை பெரும்பாலும் ஏட்டிலேயே நிற்கும்.

இதனினும் முக்கியமானது வினாவின் இடம்பெயர்வாகும். தினைப்புனங் காத்தவர் கவணொடு தட்டையையும் தழலையும் எடுத்தனர். புனங்காவல் ஊர் மக்களின் கூட்டு வேலையாக நடந்தது. இன்று காடு துண்டாடப்பட்டு, வாழிடமிழந்த விலங்கு வயலுக்கு வரும்போது, அதனை எதிர்கொள்ளும் பொறுப்பு தனித்தனி விவசாயியின் தோளில் ஏற்றப்படுகின்றது. அவன் எதை வாங்க வேண்டும் என்ற ஆலோசனை மாத்திரம் தாராளமாகக் கிடைக்கின்றது. காணிப் பயன்பாடு, வனத்தின் எல்லை, பயிரிழப்புக்கான நட்டஈடு, ஊர் முழுவதுக்குமான கூட்டுக் காவல் என்பவற்றை முதலிற் தீர்மானித்தால், அதன் பின்னர் எஞ்சும் தேவைக்குச் சிறுகுண்டே போதுமாயிருக்கும். அவற்றைத் தீர்மானிக்காது சன்னத்தை நாடுவோர், இலக்கைச் சரியாகக் கண்டுகொள்ளாமலே குறியைச் செம்மைப்படுத்துகின்றனர்.